சிபியுவுக்குள் நான் வைத்த குங்குமம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஏழு, தங்கியது நாலு. செத்துப்போன என் தங்கச்சியின் மகனையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், ஐந்து பேருக்குச் சோறு போட்ட என்னைப் பார்த்துக் கள்ளக்குறிச்சியில் ஒருவன் கைதட்டிச் சிரித்தான்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் கல்யாணக் கதையைச் சொன்னேன். படித்துவிட்டுச் சிரித்ததாக நாலைந்து பேர் போன் செய்தார்கள். இந்த வாரம் சிரிப்பு கிடையாது. இந்த வாரம் வயிற்றெரிச்சல்தான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான் அந்தக் கம்ப்யூட்டர் கடை. கண்ணாடிக் கதவு. செருப்பை வெளியே விடச் சொல்லி ஒரு போர்டு. நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு மழைக்காலம், அதனால் அந்தப் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் என் மகள் உள்ளே போய்விட்டாள். உள்ளே ஊதுபத்தி வாசனையும் புது பிளாஸ்டிக் வாசனையும் கலந்து, ஏசிக் குளிரில் மூக்கை அடைத்தது.

கடைக்காரனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் நாலு பேனா. நாங்கள் கொண்டுபோன சிபியுவைக் கண்ணாடி மேசையில் வைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். அப்புறம்தான் சிரித்தான்.

"அய்யோ, வந்து பாருங்கய்யா! கம்ப்யூட்டருக்கு வளைகாப்பு பண்ணி எடுத்தாந்துகிறாங்க!"

கடையில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவன் ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான்.

"ஃபேன்ல குங்குமம். போர்டுல குங்குமம். பேட்டரில குங்குமம். இத பாருங்க, ரேமுக்குக்கூட பொட்டு! ஒண்ணுக்கு வெச்சா இன்னொண்ணு கோச்சுக்கும்னு ரெண்டுக்கும் வெச்சிருக்காங்க!"

"மலைக்காரங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"பின்ன?" என்றான்.

என் மகள் பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். முப்பத்தெட்டு வயதுக்காரி. நான் குனியவில்லை.

"ஆயுத பூசைக்கு வெச்சது தம்பி. உன் கல்லாவுல கூடத்தான் வெச்சிருக்கற, தெரியுதே" என்றேன்.

"வெளிய வெப்பாங்க ஆயா. உள்ள எவனாவது வெப்பானா?"

கருவிக்கு எங்கே பொட்டு வைப்பது

இதற்குப் பதில் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இங்கே சொல்கிறேன்.

கல்வராயன் மலையில் நாங்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்துத் தின்றவர்கள். பூசையன்று அரிவாளுக்குப் பொட்டு வைத்தால் பிடியில் வைக்க மாட்டோம். வாயில் வைப்போம், அறுக்கிற இடத்தில். கலப்பையில் கொழுவுக்கு, உலக்கையில் பூணுக்கு. எது உழைக்கிறதோ அதற்குத்தான் மஞ்சளும் குங்குமமும். பிடிக்கு வைப்பது சம்பளக்காரனை விட்டுவிட்டு அவன் சட்டைக்குச் சாப்பாடு போடுகிற மாதிரி.

கம்ப்யூட்டர் வந்த முதல் வருஷம் பூங்கொடி அதன் டிவி மூஞ்சியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள். "இதுல எதுடி உழைக்குது?" என்று கேட்டேன். "எல்லாம் சிபியு உள்ளதாம்மா கீது" என்றாள். "அப்ப தொற" என்றேன்.

அவள் எப்படியும் தூசி ஊதுவதற்காக வருஷத்துக்கு ஒருமுறை அதைத் திறப்பவள்தான். திறந்தாள். நான் தீக்குச்சி முனையில் மஞ்சளைக் குழைத்துத் தொட்டு, அதன் மேல் குங்குமம் ஒற்றி, கறுப்புக் கறுப்பாக எது எது இருந்ததோ அதற்கெல்லாம் ஒவ்வொரு புள்ளி வைத்தேன்.

"மா! மின்னுற எடத்துல படக் கூடாதும்மா! புகைஞ்சிரும்!" என்று கத்தினாள். மின்னுகிற இடத்தில் பட்டதை எல்லாம் துணியால் ஒற்றி எடுத்தாள். கறுப்பில் இருந்ததை விட்டுவிட்டாள். வருஷா வருஷம் இந்தச் சண்டை நடக்கும். வருஷா வருஷம் வைப்பேன். அது செய்யக் கூடாத காரியம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதனால் ஒரு நாளும் கெட்டதில்லை.

மடியில் வந்த பெட்டி

அந்தக் கம்ப்யூட்டர் எங்களுக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்தவன் சென்னையில் ஓர் ஆபீசில் வாட்ச்மேன். அங்கே பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது ஒன்றைக் கேட்டு வாங்கி, தலையணைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, உளுந்தூர்பேட்டையில் இறங்கி பஸ் மாறி, மலைக்குக் கொண்டுவந்தான். பன்னிரண்டு வருஷம் இருக்கும். அப்போதே அது பழசு.

பூங்கொடிக்கு அப்போது புருஷன் இல்லை. மரம் வெட்ட ஆள் வேண்டும் என்று அவனை எவனோ கூட்டிப்போனான். போனவன் வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்லவும் ஆள் இல்லை. கையில் இடுப்புக் குழந்தை, சந்தியா. பிளஸ் டூ படித்திருந்தாள், கொஞ்சம் டைப்பிங் தெரியும். வீட்டு முன்னறையில், தகரத்துக்குக் கீழே, ஒரு மேசையைப் போட்டு அந்தக் கம்ப்யூட்டரை வைத்தாள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம். அதற்கு முன்னால் இவை ஒவ்வொன்றுக்கும் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும். அங்கே கூட்டத்தில் நின்று, பெயரைச் சொன்னால் அவர்கள் காதில் விழுந்த மாதிரி அடிப்பார்கள். தப்பாக அடித்ததைத் திருத்த இன்னொரு நாள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அப்பன் பெயரில் ஒரு எழுத்துப் பிசகி ஒரு வருஷப் படிப்பை இழந்து, இப்போது கேரளாவில் மிளகு பறிக்கிறான்.

பூங்கொடி மேசையைப் போட்ட பிறகு அந்த அலைச்சல் நின்றது. அவள் பெயரைக் கேட்பாள், அடிப்பாள், திருப்பிப் படித்துக் காட்டுவாள். "சரியா கீதா பெரியப்பா?" என்று கேட்ட பிறகுதான் அனுப்புவாள்.

போன வருஷம் ஆயுத பூசைக்கு முன்னால் அவளே யாரிடமோ சொல்லி வைத்து இரண்டு ரேம் வாங்கினாள். ரேம் என்றால் வேறொன்றும் இல்லை, தலை வாருகிற சீப்பு அகலத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. அது பெரிதாக இருந்தால் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் நாலு வேலையைத் தாங்குமாம். ஒவ்வொன்றும் நாலு ஜிபி, இரண்டும் சேர்ந்து எட்டு என்றாள். செல்போனில் பார்த்துப் பார்த்து அவளே மாட்டினாள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது.

இந்த வருஷம் உள்ளே தட்டு சுற்றுகிற டிஸ்க் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாணி அள்ளி, கை கழுவி வந்தால்கூட அது திறந்திருக்காது. சுற்றாத டிஸ்க் ஒன்று இருக்கிறது, எஸ்எஸ்டி என்று பெயர், அதை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று பூங்கொடி சொன்னாள். பழைய டிஸ்கில் இருக்கிற ஊர்க்காரர்களின் சான்றுகளைப் பத்திரமாகப் புதியதற்கு மாற்றத்தான் அவளுக்குப் பயம். அதனால்தான் கடைக்குப் போனோம்.

அதற்கு நான் ஒரு வெள்ளாட்டை விற்றேன். கையிருப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்த நேரம். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் சேர்த்துப் பதினோரு பிள்ளைகள் கல்லூரிக்கு எழுதிப்போட வேண்டும். கடைசித் தேதி நெருங்குகிறது. பூங்கொடி அதற்கு முந்தின வாரமே என்னிடம் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவ இது சரியாவலனா மேசைய எடுத்துடறேன்மா. கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் எடுக்கறாங்க. சந்தியாவ நீ பாத்துக்கோ."

கேட்டீர்களா? ஒரு டிஸ்க் கெட்டதற்கு என் மகள் கேரளா போக வேண்டும்.

அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி மினி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கண்டக்டர் வந்து, "ஆயா, அது இன்னா? லக்கேஜ் போடணும்" என்றான்.

"மடியிலதானே கீது. புள்ளைனு நெனச்சுக்கோ."

"புள்ளைக்கு அஞ்சு வயசுக்கு மேலனா டிக்கெட்டு ஆயா."

பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அவன் சிரிப்பு வேறு. கடைக்காரன் சிரிப்பு வேறு. வித்தியாசம் தெரியாத வயசா எனக்கு?

"உன் வயசு ஆயா"

கடைக்குத் திரும்புகிறேன்.

சிரித்து முடித்துவிட்டு அவன் முகத்தை வியாபாரிக்கு மாற்றிக்கொண்டான். "இதுக்குப் போடற காசு தண்டம்மா. புதுசு ஒண்ணு எடுத்துக்கோங்க. தவணைல குடுக்கறேன்."

"டிஸ்க் மட்டும் மாத்தினா போதும்ணா" என்றாள் பூங்கொடி. சத்தமே வரவில்லை.

"மாத்தலாம். ஆனா வேகம் வராது. இது பழசு. ஆயா மாதிரி. ஆயாவ போய் ஓடச் சொன்னா ஓடுமா?"

"ஓட மாட்டேன். நடந்து மலையேறுவேன். பொட்டியத் தூக்கிக்கினு நீ வரியா? வெள்ளிமலை வரைக்கும் வேணாம், முதல் வளைவு வரைக்கும் வா" என்றேன்.

அவன் மூன்று நாள் கழித்து வரச் சொன்னான். பெட்டியை விட்டுவிட்டு வந்தோம்.

மூன்று நாள் கழித்துப் போனபோது பெட்டி தயாராக இருந்தது. ஆட்டை விற்ற காசைக் கொடுத்தோம். பக்கத்துத் தகட்டின் திருகாணி மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். "இதக் கிழிச்சா வாரண்டி கிடையாது. நீங்களா தொறந்து சாமி கும்புடாதீங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டோம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்: ஒரு சொம்பு தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திறந்துவிட்டது. பூங்கொடி முகத்தில் பல்லைப் பார்த்து எத்தனை மாசம் ஆயிற்று! முதல் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பெயர், ஊர் எல்லாம் அடித்தாள். சான்றை ஏற்றுவதற்கு இன்னொன்றைத் திறந்தாள். நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி நின்றது. அந்தப் பெண் மாலை வரை காத்திருந்துவிட்டு, "நாளைக்கு வரேன்க்கா" என்று எழுந்து போனது.

பூங்கொடி எதையோ தட்டிப் பார்த்தாள். "எட்டு இருக்கணும்மா. நாலுதான் காட்டுது" என்றாள்.

கடைக்குப் போன் போட்டாள். அவன் பேசியது எனக்கே கேட்டது. "எப்பவும் நாலுதாம்மா இருந்துச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே பழசுனு."

போனை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எனக்குத்தான் தப்பா ஞாபகம் போல."

அப்போதுதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, என் மகள் மேல். தன் காசில் தானே வாங்கி, தன் கையால் மாட்டியதை, ஒருவன் இல்லை என்று சொன்னதும் இல்லை என்கிறாள்.

என் அப்பாவின் வாய்

என் மகளுக்கு இந்த அடங்கிப்போகிற வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் அப்பாவிடமிருந்து.

நான் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது கடுக்காய் வாங்க ஒரு வியாபாரி கீழ்நாட்டிலிருந்து ஏறி வருவார். அவர் கொண்டுவரும் மரக்கால் நம் மரக்காலை விடப் பெரிது. பார்த்தாலே தெரியும். மேலே குவித்து வேறு அளப்பார். மூட்டைக் கடுக்காய் அந்த மரக்காலில் போய்க் காணாமல் போகும். காட்டில் முள் குத்திப் பொறுக்கியது என் கால்.

"அப்பா, அவுரு மரக்காலு பெருசுப்பா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அப்பா என் வாயைப் பொத்தினார். கை புகையிலை நாற்றம். வியாபாரி போன பிறகு, "எனக்குத் தெரியாதா? சண்ட போட்டா அடுத்த வருசம் யாரு வாங்குவா?" என்றார்.

அடுத்த வருஷமும் அவர்தான் வந்தார். அதே மரக்காலோடு. அப்பா மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல பஸ்ஸுக்குக் கெளம்பு" என்று பூங்கொடியிடம் சொன்னேன்.

"போயி இன்னா பேசறது? நமக்கு இன்னா தெரியும்னு அவரு கேப்பாரு."

"நீ பேச வேணாம். பொட்டியத் தூக்கிக்கினு வா, போதும்."

ரேமை மட்டும் குளிப்பாட்டினாயா?

கடையில் அன்று கூட்டம். நான் நேராகப் போய்ப் பெட்டியை மேசை மேல் வைக்கச் சொன்னேன். "ரெண்டு ரேமு, எட்டு. இப்ப நாலு. மீதி எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"யாரு திருடினான்றீங்க?" அவனுக்குச் சுள்ளென்று ஏறியது. "எல்லார் முன்னாலயும் தொறக்கறேன். பாத்துக்கோங்க." தன் ஸ்டிக்கரைத் தானே கிழித்தான். தகட்டைக் கழற்றினான். "பாருங்கம்மா. ரெண்டு ரேம் இருக்குதா? ரெண்டும் இருக்குது. ஒவ்வொண்ணும் ரெண்டு, மொத்தம் நாலு. இதுதான் மொதல்லருந்து இருந்தது."

பூங்கொடி எட்டிப் பார்த்தாள். இரண்டு பட்டைகள் இருந்தன. அவள் முகம் விழுந்துவிட்டது. "வாம்மா, போலாம்" என்று என் புடவையை இழுத்தாள்.

நான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். குனிந்து பார்த்தேன். நிதானமாகத்தான் பார்த்தேன், எனக்கு எதிலும் அவசரம் கிடையாது.

ஃபேனில் என் குங்குமம். போர்டில் நான் வைத்த நாலும் அப்படியே. பேட்டரியில் கொஞ்சம் உதிர்ந்து, மஞ்சள் மட்டும். இரண்டு பட்டைகளும் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தன.

"தம்பி, ரேமுல பொட்டு எங்க?"

"இன்னா பொட்டு?"

"அன்னிக்கு நீதான சொன்ன? ஒண்ணுக்கு வெச்சா இன்னொண்ணு கோச்சுக்கும்னு ரெண்டுக்கும் வெச்சிருக்காங்கனு கைதட்டிச் சிரிச்சியே?"

அவன் ஒரு நொடி விழித்தான். ஒரே ஒரு நொடிதான். "அதுவா? தொடைச்சிட்டேன் ஆயா. சர்வீஸ்னா க்ளீன் பண்ணித்தான் குடுப்போம்."

"ஃபேன தொடைக்கல. போர்ட தொடைக்கல. பேட்டரிய தொடைக்கல. ரேம மட்டும் எண்ண தேச்சி குளிப்பாட்டினியா?"

கூட்டத்தில் ஒரு பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். இந்தத் தடவை சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை.

அவன் மேசையின் ஓரத்தில் ஒரு ஸ்வீட் டப்பா இருந்தது. மூடி இல்லை. அதற்குள் பச்சைப் பட்டைகள், சீட்டுக் கட்டு மாதிரி, நின்றுகொண்டிருந்தன. நான் கையை விட்டேன்.

"ஆயா! தொடாத! கரண்டு பாஞ்சிரும், கெட்டுப்பூடும்!"

"கெட்டா உன்னுதுதான கெடும்? என்னுதுதான் உள்ள கீதுன்றியே?"

டப்பாவை அப்படியே கண்ணாடி மேல் கவிழ்த்தேன்.

என் பட்டைகள் இரண்டும் கிடந்தன. அடையாளம் சொல்ல எனக்குப் படிப்பு வேண்டியதில்லை. என் கை நடுங்கும். நான் வைக்கிற பொட்டு நடுவில் விழாது, ஒரு பக்கமாக இழுக்கும். இழுத்திருந்தது. பூங்கொடி எடுத்து, மேலே ஒட்டியிருந்ததைப் படித்தாள். "நாலு ஜிபி. ரெண்டும் நாலு நாலு" என்றாள். குரல் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது.

நான் அவற்றை மட்டும் பார்க்கவில்லை. மற்ற பட்டைகளையும் பார்த்தேன். ஒன்றில் மூன்று கோடு விபூதி, அவ்வளவு சின்ன இடத்தில் யாரோ ஊசி முனையால் இழுத்த மாதிரி. ஒன்றில் காய்ந்த சந்தனம். இன்னொன்றில் பெரிய குங்குமம், விரலாலேயே அப்பியது.

நான் ஒருத்திதான் பைத்தியக்காரி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"இதெல்லாம் யாரு வூட்டுது?" என்று கேட்டேன்.

"ஸ்கிராப் ஆயா. கெட்டுப் போனது."

"கெட்டுப் போனத எதுக்கு டப்பால அடுக்கி வெச்சிருக்க? நல்லத புடுங்கிட்டு நொண்டிய மாட்டி அனுப்பறது, ஓடலனு வந்தா பழசுன்றது, புதுச வாங்குன்றது. இதான் உன் சர்வீஸா? த்தூ!"

துப்பினேன். கண்ணாடி மேல் படவில்லை, தரையில்தான்.

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் வந்து, "பெரியம்மா, பொம்பளையா இருந்துக்கினு கடைத்தெருவுல இவ்ளோ சத்தம் போடலாமா?" என்றார்.

"ஆம்பளையா இருந்துக்கினு அவன் திருடலாமா?" என்றேன். அவர் போய்விட்டார்.

கடைக்காரன், மாறிப்போயிருக்கும், மறந்திருக்கும் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு என் பட்டைகளைக் கையில் எடுத்தான். "நானே போட்டுத் தரேம்மா, காசு வேணாம்."

காசு வேண்டாமாம்!

பூங்கொடி கையை நீட்டினாள். "ரேம இங்க குடுங்க."

"நான் போடறேன்மா..."

"குடுங்கண்ணா."

கொடுத்தான். அந்த நொண்டிப் பட்டைகளைப் பிடுங்கி அவன் முன்னால் வைத்தாள். எங்களுடையதை வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினாள். டக், டக் என்று இரண்டு சத்தம். ஓட விட்டுப் பார்த்தாள். "எட்டு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. கடையில் நின்ற எல்லாரிடமும் சொன்னாள்.

விட்டுவிட்டு வந்தது

இங்கே கதையை முடித்தால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். எனக்கு இல்லை.

விபூதி வைத்த பட்டையையும் சந்தனம் வைத்ததையும் அவன் திரும்ப டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டான். நான் அங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தேன். யாருடையது என்று பேர் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்று பார்த்தேன். பூங்கொடி, "பதினோரு புள்ளைங்க காத்துக்கினு கீதுங்கம்மா, பஸ்ஸு போயிடும்" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். என்னுடையதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் அப்பாவை விட ஒரு படி மேல். அவ்வளவுதான்.

பதினோரு விண்ணப்பமும் கடைசித் தேதிக்கு முதல் நாளே போயின. பூங்கொடி எஸ்டேட்டுக்குப் போகவில்லை. ஆள் எடுக்க வந்தவன் வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டபோது, அவள் மேசையிலிருந்து திரும்பக்கூட இல்லை. "எனக்கு வேல கீது" என்றாள்.

இப்போது அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருகிறார்கள். அவள் திறந்து பார்த்து, என்ன இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறாள். இதுவரை இரண்டு பெட்டிகளில் நொண்டிப் பட்டை இருந்தது. இரண்டு பேருமே அந்தக் கடைக்குக் கொடுத்தவர்கள். இரண்டு பேருமே, "பழசாயிடுச்சுனு சொன்னாங்க, நாங்களும் அப்டித்தான்னு நெனச்சோம்" என்றார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கடையின் பெயரைப் போட்டுவிடலாம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னேன். கூடாதாம், சட்டமாம். சரி, அவர்கள் சட்டத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஏழைகளுக்கு நான் ஒன்று சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை. கடையில் விடுவதற்கு முன்னால் திறந்து பாருங்கள். எதில் என்ன எழுதியிருக்கிறது என்று செல்போனில் படம் பிடித்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே, அவன் மேசை மேலேயே திறக்கச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். பழசு என்று அவன் சொன்னால், எது பழசு என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல அந்தக் கம்ப்யூட்டரில்தான் சந்தியா அடித்துக்கொண்டிருக்கிறாள். இடுப்புக் குழந்தையாக இருந்தவள், இப்போது ஒன்பதாவது. வாசலிலிருந்து அவள் அம்மா கத்துகிறாள்.

"சந்தியா, எழுந்திரு! வருமானச் சான்றுக்கு ஆளு வந்து நிக்கிறாங்க!"

"ஆயா, அம்மா கூப்புடறாங்க. சேவ் பண்ணிட்டு எழுந்துக்கட்டா?"

"நிக்கறவங்கள உள்ள வந்து உக்காரச் சொல்லு. அவங்களும் கேக்கட்டும். நான் திட்டினத எல்லாம் திட்டின மாதிரியே போட்டியா, இல்ல உங்க டீச்சருக்குப் பயந்து கொறச்சிட்டியா? துப்பினது கீதா? உம், மொதல்லருந்து வாசிடி. சத்தமா."